கொப்பறா மில்லை 10 தொன்னுக்குப் பெரிதாக்குகிறோம். கீழே லயம், அதற்கும் கீழே ஓடை. எதை முதலில் கவனிப்பது?

மாத்தளைக்காரன்:

வணக்கம். மாத்தளைப் பக்கம், பிரதேச சபை எல்லைக்குள் ஒரு தேங்காய் எண்ணெய் மில். இப்போது நாளுக்கு 3 தொன் கொப்பறா ஓடுகிறது. ஒரு எக்ஸ்பெலர் (திருகி எண்ணெய் பிழிகிற மெஷின்), ஒரு ஹேமர் மில் (கொப்பறாவைச் சுத்தியலால் நொறுக்குவது), சின்ன விறகுப் பொயிலர். இன்னும் இரண்டு எக்ஸ்பெலர் இறக்கி 10 தொன்னுக்குக் கொண்டுபோவதாக முடிவு. இடையிடையே எள்ளும் ஆட்டுவார்கள். பொயிலரையும் மணிக்கு 500 கிலோ நீராவி தருகிற ஒன்றாக மாற்றுகிறார்கள்.

இடம் சரிவு. மில்லுக்குக் கீழே 60 மீட்டரில் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள். அதற்கும் கீழே சுது கங்கைக்குப் போகிற ஓடை; லயத்து ஆட்கள் குளிக்க, துவைக்க அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். கேள்விகள் நாலு. புண்ணாக்கு மூட்டை இரண்டு நாள் கழிந்தும் நடுவில் சூடாக இருக்கிறது, இது பரவாயில்லையா? கழிவுநீரில் வரும் எண்ணெயைப் பிடிக்கிற தொட்டிக்குப் பிறகு உள்ள பைப் காலையில் வெள்ளையாக இறுகி அடைத்துக்கொள்கிறது, என்ன செய்யலாம்? இரவு ஷிப்ட் போடலாமா? கடைசியாக, புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெயையும் எடுக்கலாம் என்று ஒருவர் பழைய ஹெக்சேன் பிளாண்ட் (பெற்றோல் போன்ற திரவத்தால் எண்ணெயைக் கரைத்தெடுப்பது) ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். அது நல்லதா?

எக்ஸ்பெலர் போர்மன்:

தம்பி, முதலில் புண்ணாக்கு. நெருப்பு ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

கொப்பறாவில் 64 சதவீதம் எண்ணெய் என்று வைத்தால் 10 தொன்னுக்கு 6 தொன் சொச்சம் எண்ணெய் வரும், 3.4 தொன் அளவில் புண்ணாக்கு வரும். 50 கிலோ மூட்டையில் நாளுக்கு 68. லொறி ஒரு கிழமை வராவிட்டால் ஸ்டோரில் 475 மூட்டை நிற்கும். இப்போது நாளுக்கு 20 மூட்டைதான் வருகிறது, அதிலேயே நடுவில் சூடு தங்குகிறது. அடுக்கு பெருக்கப் பெருக்க உள்ளே உள்ள சூடு வெளியேற வழி குறையும். மெஷினுக்குக் காசு ஒதுக்கிவிட்டு ஸ்டோரை அப்படியே விடுகிற வழக்கம்தான் பெரிய ஆபத்து.

எக்ஸ்பெலரை விட்டு விழும்போது புண்ணாக்கு 100 பாகையை ஒட்டி இருக்கும், 8 சதவீதம் வரை எண்ணெயும் இருக்கும். அந்தச் சூட்டிலேயே மூட்டை கட்டினால் உள்ளே எழும் ஆவி வெளிப்பக்கத்துக் குளிர்ந்த பகுதியில் ஈரமாகப் படியும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் சூட்டைக் கூட்டும், அந்தச் சூட்டில் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மேலும் சூடாகும். தேங்காய் எண்ணெய் லேசில் காற்றோடு சேராது, அதனால் அந்த எண்ணெய் பட்ட துணி தானாகப் பற்றுவது அரிது. இதை வைத்து 'நம்ம எண்ணெய்க்குப் பயமில்லை' என்று இருந்துவிடுகிறார்கள். புண்ணாக்கில் தொடக்கி வைப்பது ஈரம். கடல்வழிச் சரக்குப் பட்டியலில் கொப்பறாவுக்கு ஐ.நா. எண் 1363, எண்ணெய்வித்துப் புண்ணாக்குக்கு 1386, இரண்டும் 4.2, அதாவது தானாகச் சூடேறிப் பற்றக்கூடிய பொருட்களின் வகுப்பு.

செய்ய வேண்டியது இது. எக்ஸ்பெலருக்கும் மூட்டை கட்டும் இடத்துக்கும் நடுவில் குளிரவைக்கும் வழி ஒன்று வேண்டும். திறந்த கன்வேயரில் காற்று ஊதலாம், இல்லாவிட்டால் சிமெந்துத் தரையில் 10 சென்ரிமீட்டருக்கு மேல் போகாமல் பரப்பிக் கிளறலாம். 10 தொன்னுக்குத் தரை போதாது, கன்வேயர்தான் சரி. வெளிக்காற்றை விட 10 பாகைக்குள் இறங்கிய பிறகே மூட்டை. ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மரப் பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து 60 சென்ரிமீட்டர் விட்டு, 8 மூட்டை உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். அடுக்குகளுக்கு இடையில் ஆள் நடக்கிற வழி வேண்டும். மார்கழி, தை மழையிலும் மூடுபனியிலும் ஸ்டோர் கதவை நாள் முழுக்கத் திறந்து வைத்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் ஏறின பிறகு திறந்து பொழுது சாய முன் மூடுங்கள்.

நீளக் கம்பி வெப்பமானி ஒன்று வாங்கி காலையும் மாலையும் ஒவ்வொரு அடுக்கின் நடுவிலும் குத்திப் பார்த்து எழுதுங்கள். 45 பாகை வந்தால் அந்த அடுக்கைப் பிரித்து ஆறவிடுங்கள். 60 வந்தாலோ, கருகின வாடை வந்தாலோ, ஆட்களை வெளியே எடுத்து தீயணைப்புக்கு 110இல் அழையுங்கள். மூடின ஸ்டோரில் புகைகிற புண்ணாக்கு காபன் மொனொக்சைட்டை நிரப்பிவிடும், அதற்கு வாடை கிடையாது. மூட்டையைச் சட்டென்று இழுத்துப் பிரித்தால் காற்றுப் பட்டு நெருப்பு எழும். ஓரத்திலிருந்து, மெல்லிய தூவல் நீரோடு, தீயணைப்பு ஆட்கள் முன்னிலையில் பிரிக்க வேண்டிய வேலை அது.

எள் வந்தால் கதை மாறும். எள்ளெண்ணெய் காற்றோடு சேர்கிற தன்மை தேங்காய் எண்ணெயை விடப் பல மடங்கு கூட. எண்ணெய் வடிகட்டும் பில்டர் பிரஸ் துணி, துடைத்த சாக்கு எல்லாம் மூடியுள்ள இரும்பு வாளியில், அன்றன்றே அகற்ற வேண்டும். கொப்பறாப் பக்கம் வாளி வைக்காத பழக்கத்தை எள்ளுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

ஹேமர் மில்லுக்கு முன்னால் காந்தம் போடுங்கள், ஒவ்வொரு ஷிப்டிலும் துடையுங்கள். சாக்கோடு வரும் ஆணி, கம்பித் துண்டு சுத்தியலில் பட்டால் பொறி பறக்கும். கூரைக் கைமரத்தில், லைட்டின் மேல் படிகிற தூசியைத் தும்புத்தடியால் அடித்துக் கிளப்பாமல் கூட்டி எடுங்கள்.

கான் வழி:

காலையில் பைப் அடைப்பதற்குக் காரணம் எளிது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே இறுகும். மாத்தளையில் இரவு அதற்குக் கீழேதான் போகிறது, மலை ஏற ஏற இன்னும் குளிர். உங்கள் தொட்டிக்குள் சுடுநீர் போகிறது என்று நினைக்கிறேன். பொயிலரிலிருந்து திறந்துவிடும் அழுக்குநீர், கொப்பறாத் தூளை நீராவியில் சூடாக்கும் கெட்டிலைக் கழுவுகிற சுடுநீர் இரண்டும் அதே கானில் வந்தால், தொட்டியில் பிடிபட வேண்டிய எண்ணெய் உருகி அடித்துக்கொண்டு வெளியேறும். பிறகு குளிர்ந்த பைப்பில் இறுகும், பைப்பைத் தாண்டியது ஓடைக் கல்லில் படியும். அடைப்பு என்று நீங்கள் பார்ப்பது பிடிபட்ட பங்கு மட்டுமே.

ஆகவே சுடுநீரைத் தனியாக்குங்கள். பொயிலர் அழுக்குநீருக்கு ஒரு குளிர்த்தொட்டி, 40 பாகைக்குக் கீழே இறங்கின பிறகு எண்ணெய்த் தொட்டியைத் தொடாமல், வெளியேறும் முன் உள்ள கடைசித் தொட்டிக்கு. எண்ணெய் தொட்டியில் நேரத்தோடு இறுகினால் நல்லதுதான், மேலே கட்டியாக மிதக்கும், அள்ளலாம்.

தொட்டி அளவு: கழுவுகிற நேரத்தில் மணிக்கு 2 கனமீட்டர் வரும் என்று வைத்தால், அரை மணி நேரம் தங்க 1 கனமீட்டர் வேண்டும். நான் 2 கனமீட்டருக்கு மூன்று அறையாகக் கட்டச் சொல்வேன். அறைக்கு அறை நீர் கீழ்ப் பக்கமாகப் போக வேண்டும், வெளிவாயில் நீருக்குள் கீழ்நோக்கி இறங்கிய பைப்பாக இருக்க வேண்டும். மேலே மிதக்கும் எண்ணெயும் அடியில் உள்ள மண்டியும் சேர்ந்து தொட்டியின் காற்பங்கை எட்டினால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. கிழமை நாளைப் பார்த்துச் சுத்தம் செய்யாதீர்கள், குச்சி விட்டு அளந்து செய்யுங்கள்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடுகிற கழிவுநீரின் பொது வரம்பு: எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராம், அழுக்கு இழுக்கும் ஒட்சிசனின் அளவுகளான பீ.ஓ.டி. 30, சீ.ஓ.டி. 250, நீரில் கலங்கி நிற்கும் திண்மம் 50, பீ.எச். 6.0 முதல் 8.5. ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். அதை 10 மில்லிகிராமுக்கு ஐதாக்க 92,000 லீற்றர் நீர் வேண்டும். தரையில் கொட்டின ஒரு லீற்றரை ஹோஸ் பிடித்துக் கழுவி விடுகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். கொட்டினதைத் தும்புச்சோறு போட்டு உறிஞ்சி, கூட்டி அள்ளி, பிறகு துடைக்க வேண்டும். நீர் கடைசியில்தான்.

வெறும் எக்ஸ்பெலர் மில் அதிகம் நீர் செலவழிக்கிற மில் கிடையாது. அதைப் பெரிதாக்கும்போது நீரைப் பெருக்குவது பெரும்பாலும் மூன்று காரியம்: எள்ளைக் கழுவித் தோல் நீக்குவது, எண்ணெய் சுத்திகரிப்பு, புகைக்குத் தண்ணீர் தூவுவது. இந்த மூன்றில் எதைச் சேர்த்தாலும் மேலே சொன்ன தொட்டி போதாது, உயிரியல் சுத்திகரிப்பே வேண்டிவரும். தோல் நீக்காத எள்ளை ஆட்டிவிட்டால் அந்தத் தலையிடி இல்லை.

எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றி அணைச்சுவர் கட்டாயம். 20,000 லீற்றர் தாங்கி என்றால் 110 சதவீதம், அதாவது 22,000 லீற்றர் பிடிக்க வேண்டும். 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடத்தில் சுவர் 61 சென்ரிமீட்டர் உயரம், தாங்கியின் பீடம் இடத்தைப் பிடிப்பதால் 70 ஆக்குங்கள். மழைநீர் விடுகிற வால்வு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். சரிவில் அந்த வால்வு திறந்து கிடந்தால் சுவர் இருந்தும் இல்லாததுதான். கூரைத் தண்ணீர் கழிவுநீர்க் கானில் சேரவே கூடாது. ஒரு மழைக்குத் தொட்டி முழுவதும் அடித்துப்போகும்.

மண்டித் தொட்டிக்குள் ஆள் இறங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. புளித்த மண்டியைக் கிளறினால் ஐதரசன் சல்பைட் எழும். முதல் ஆள் மயங்கி விழுவார், தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் போய்விடுவார். வெளியிலிருந்தே நீளக் கைபிடி வாளியால் அள்ளக்கூடிய அகலத்தில் தொட்டியைக் கட்டிவிட்டால் யாரும் இறங்கவே தேவையில்லை.

மாத்தளைக்காரன்:

நன்றி அண்ணே, சுடுநீர்தான் காரணம் போல. கெட்டில் கழுவுகிற நீர் நேரே அதே கானில்தான் விழுகிறது. புகைக்குத் தண்ணீர் தூவும் ஸ்கிரப்பர் போட்டால் அனுமதி சுலபம் என்று மெஷின் விற்கிறவர் சொல்கிறார். வேண்டாமா?

பொயிலர் பக்கம்:

ஸ்கிரப்பரை முதல் தீர்வாக எடுக்காதீர்கள். புகையில் இருந்த கரியும் அமிலமும் தண்ணீருக்குப் போகும், கறுப்புத் தண்ணீர் ஓடைக்குப் போகும். முதலில் விறகு.

மணிக்கு 500 கிலோ நீராவிக்கு நன்றாகக் காய்ந்த விறகு ஏறக்குறைய 140 கிலோ எரியும். பாதி எடை தண்ணீராக இருக்கிற பச்சை விறகு என்றால் 300 கிலோவை எட்டும், அவ்வளவு தண்ணீரையும் ஆவியாக்கத்தான் நெருப்பு செலவாகிறது. அடுப்பு குளிர்ந்து எரியாத வாயு புகையாக வெளியேறும். பிளந்து, கூரைக்கடியில், நிலத்திலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாக இரண்டு மூன்று மாதம் காயவிட இடம் ஒதுக்குங்கள். தேங்காய்ச் சிரட்டை கிடைத்தால் அது நல்ல எரிபொருள். அதற்குப் பிறகு சைக்குளோன் (புகையைச் சுழற்றிச் சாம்பலைப் பிரிக்கும் கூம்பு) ஒன்று போதும். சாம்பல் காய்ந்த தூளாகவே விழும். புகைபோக்கி உயரத்தைப் பக்கத்து மிக உயர்ந்த கட்டடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். நிலையான மூலங்களின் வெளியேற்றத்துக்கு 2019இல் வந்த ஒழுங்குவிதிகள் இருக்கின்றன, பொயிலர் வாங்கும் முன் அந்தக் கணக்கை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பள்ளத்தில் இரவும் அதிகாலையும் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி நிற்கும், புகை மேலே போகாமல் லயத்தின் மேல் படியும். பொயிலரை விடிகாலை நாலு மணிக்குப் பற்றவைக்கிற வழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். புகை அதிகம் வருவது பற்றவைக்கும் அந்த முதல் நேரம்தான்.

மலைநாட்டு ஓடைத் தண்ணீர் பொதுவாக மென்நீர். அதனால் பொயிலருக்குள் சுண்ணப்படிவு குறைவு, ஆனால் ஒட்சிசன் கரைந்து வந்து குழாயைக் குழிகுழியாக அரிக்கும். ஊட்டுநீர்த் தொட்டியை 80 பாகைக்கு மேல் வைத்தால் ஒட்சிசனில் பெரும்பங்கு போய்விடும். நீர்மட்டக் கண்ணாடியின் வடிகால் வால்வை ஒவ்வொரு ஷிப்டிலும் திறந்து ஊதவிட்டுப் பாருங்கள். நீர் குறைந்தால் அலாரம் அடிக்கும் கட்டுப்பாட்டை நாள்தோறும் சோதியுங்கள். விறகுப் பொயிலரில் நீர் குறைந்ததும் நெருப்பைச் சட்டென்று நிறுத்த முடியாது, காற்றாடியை நிறுத்தலாம், அவ்வளவுதான். அடுப்பில் உள்ள கட்டை எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே இரண்டாவது ஊட்டுப் பம்பும், மின்சாரம் இல்லாமல் ஓடக்கூடிய வழி ஒன்றும் கட்டாயம். நீர்மட்டம் கண்ணில் படாத அளவுக்கு இறங்கிவிட்டால் ஒருபோதும் புதுத் தண்ணீர் ஏற்றாதீர்கள்.

சரிவும் சட்டமும்:

ஹெக்சேன் கேள்விக்கு நேரடிப் பதில்: உங்கள் இடத்தில் வேண்டாம். ஹெக்சேன் ஆவி பற்றத் தொடங்கும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையையும் தாண்டியது. மலைநாட்டு எந்தக் குளிரிலும் அதன் ஆவி பற்றும். காற்றில் 1.1 சதவீதம் கலந்தாலே போதும். ஆவி காற்றை விட மூன்று மடங்கு கனம். கசிந்தால் மேலே கலைந்து போகாது, கான் வழியே சரிவில் இறங்கும். கீழே 60 மீட்டரில் லயம், ஒவ்வொரு வீட்டிலும் விறகடுப்பு. தட்டையான கைத்தொழில் பேட்டையில் வேலியும் தூரமும் காப்பாற்றும், சரிவில் அந்தத் தூரத்துக்கு அர்த்தம் குறைவு. பழைய பிளாண்ட் என்றால் இணைப்பு, சீல், வால்வு எல்லாமே கேள்விக்குரியவை. எடுக்கப்போவது நாளுக்கு 250 கிலோ எண்ணெய் அளவில்தான். எக்ஸ்பெலரின் தேய்ந்த புழுவையும் (திருகு) பீப்பாய்க் கூட்டின் பட்டைகளையும் நேரத்துக்கு மாற்றி, கொப்பறாவை 3, 4 சதவீத ஈரத்துக்குச் சமைத்துப் போட்டால் அதில் ஒரு பங்கு ஆபத்தில்லாமல் கிடைக்கும். விலை பேசுகிறவரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

இரவு ஷிப்ட். 1996ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குவிதிகளின்படி பிரதேச சபைப் பகுதி குறைந்த இரைச்சல் பகுதி: எல்லையில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. பகல் என்றால் காலை 6 முதல் மாலை 6 வரை. ஹேமர் மில் பக்கத்தில் ஒரு மீட்டரில் 88 டெசிபெல் என்றால், தூரம் இரட்டிக்க 6 குறையும். 64 மீட்டரில் இன்னும் 52 இருக்கும். மூன்று எக்ஸ்பெலர் சேர்ந்தால் கூடும். இரவுக்கு 52 செல்லாது, அதுவும் எல்லை லயத்தை விடக் கிட்ட. ஹேமர் மில்லை நிலத்தோடு ரப்பர் பட்டையில் இருத்தி, லயத்தை நோக்கிய சுவரில் ஜன்னலும் கூரை இடைவெளியும் இல்லாமல் அடைத்து, காற்று வழியை மலைப்பக்கம் திருப்பி, அரைப்பை பகலில் மட்டும் வைத்தால் நிலைமை மாறும். அளந்து பார்த்த பிறகு ஷிப்ட் முடிவு செய்யுங்கள். லயத்துப் பிள்ளைகள் பாடம் படிக்கிறதும் தூங்குகிறதும் அந்த நேரத்தில்தான். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு 85 டெசிபெல்லுக்கு மேல் காதுக்காப்பு வேண்டும்.

இனி நிலம். மாத்தளை மண்சரிவு அபாய மாவட்டங்களில் ஒன்று. கட்டடத்துக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுங்கள். எக்ஸ்பெலருக்கும் பொயிலருக்கும் மேடை போடும்போது மேல்பக்கம் வெட்டி, வெட்டின மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பி, அந்த நிரப்பின் மேல் பொயிலரை வைப்பதுதான் வழக்கமான தவறு. பாரமான சாமான் வெட்டின பக்கத்துத் திண்மண்ணில் இருக்கட்டும், விறகு அடுக்குகிற லேசான வேலை நிரப்பு மண்ணுக்குப் போகட்டும். வெட்டின சரிவுக்கு மேலே குறுக்கே ஒரு கான், தாங்கு சுவரில் நீர் வடியும் ஓட்டைகள், கூரைத் தண்ணீரைக் கல்கட்டின கானில் ஓடைவரை இறக்குவது, இந்த மூன்றும் இல்லாமல் கொங்கிறீட் கலக்காதீர்கள். அந்த நிறுவனத்தின் எச்சரிக்கை அளவுகள் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீட்டர். 150 என்றாலோ ஒரு மணி நேரத்தில் 75 என்றாலோ வெளியேற வேண்டிய நிலை. மில்லில் ஒரு மழைமானி வையுங்கள். 100 வந்ததும் பொயிலர் நெருப்பை இறக்குவது, எண்ணெய்த் தாங்கி வால்வுகளைப் பூட்டுவது, லயத்துக்கு ஆள் அனுப்புவது, யார் எதைச் செய்வது என்று எழுதி ஒட்டுங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிவரும் ஊற்று, இவை தெரிந்தால் மானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அனுமதி ஒழுங்கு: பழைய சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் 3 தொன்னுக்கு எடுத்தது, அதை வைத்து 10 தொன் ஓட்ட முடியாது. மெஷினுக்கு முற்பணம் கட்ட முன் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்குப் புதிய கொள்ளளவு, கழிவுநீர்க் கணக்கு, பொயிலர் அளவு மூன்றையும் எழுத்தில் கொடுத்து, அனுமதிப்பத்திரத்துக்கான எந்தப் பட்டியலில் விழுகிறது என்று கேளுங்கள். பிரதேச சபைக் கட்டட அனுமதி தனி, தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைப் பதிவும் பொயிலர் பரிசோதனையும் தனி.

எக்ஸ்பெலர் போர்மன்:

ஒன்று விட்டுப்போனது, மின்வெட்டு. மூன்று எக்ஸ்பெலர் ஓடும்போது கரண்ட் போனால் மூன்றின் பீப்பாயிலும் சூடான பிண்டம் அப்படியே இறுகும். கெட்டிலில் கிளறும் துடுப்பு நின்றுவிடும், நீராவி மட்டும் போய்க்கொண்டிருக்கும், அடிப்பிடித்துக் கருகும். ஆகவே கரண்ட் போனதும் முதலில் கெட்டில் நீராவி வால்வு, பிறகு ஒவ்வொரு மெஷினின் ஐசொலேட்டர் (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்). கத்தி சுவிட்ச் போட்ட பழைய ஸ்டார்ட்டர் என்றால் கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் பீப்பாயைச் சுரண்டிக்கொண்டிருக்கிற கை என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் போனால் தானாக விடுபட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடுகிற கொன்ராக்டர் ஸ்டார்ட்டர்தான் மூன்றுக்கும் வேண்டும். அடைப்பு எடுக்கிறவர் ஐசொலேட்டரில் தன்னுடைய பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். முன்பக்கக் கூம்பைத் தளர்த்தி, பீப்பாய்க் கூட்டைப் பிரித்து, மரக் கரண்டியால் எடுக்க வேண்டும். மோட்டரை முன்னும் பின்னும் ஓட்டிக் கழற்றப் பார்த்தால் தண்டு முறியும்.

மின்தேவை 42 கே.வி.ஏ.க்கு மேல் போகும் என்பதால் மொத்த வழங்கல் இணைப்பு எடுக்க வேண்டிவரும். அந்த வேலையோடு சேர்த்து, தூசி புகாத பெட்டியில் பனலை மாற்றி, ஹேமர் மில் அறைக்கு வெளியே வையுங்கள்.